தம்பிக்காக உபவாசம் இருந்தோம், போய்விட்டான். கடவுள் இருக்கிறாரா?

வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை எல்லாம் விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். கணவர், ஏழு வயதில் ஒரு மகள். சபையில் 11 ஆண்டுகளாக ஞாயிறு பள்ளி வகுப்பு எடுக்கிறார். அவருடைய ஒரே தம்பிக்கு 29 வயதில் இரத்தப் புற்றுநோய் வந்தது. 14 மாதம் சிகிச்சை நடந்தது. சபை முழுவதும் சங்கிலி ஜெபம், உபவாசம். வெளியிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் தம்பியின் தலையில் கைவைத்து, "இந்த மகன் எழும்பி எனக்காக ஓடுவான் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்றார். ஆறு வாரத்தில் தம்பி இறந்துவிட்டார். அது நடந்து 10 மாதம் ஆகிறது.

"அடக்க ஆராதனையில் 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்று வாசித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் சுவரிடம் பேசுவதுபோல் இருக்கிறது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு 'கடவுள் உண்டா' என்ற விவாதக் காணொளிகளைப் பார்க்கிறேன். ஒருவர் பேசினால் அவர் சொல்வது சரி என்று தோன்றுகிறது, அடுத்தவர் பேசினால் அதுவும் சரி என்று தோன்றுகிறது. போன மாதம் வகுப்பில் ஒன்பது வயதுப் பையன் கேட்டான்: 'அக்கா, எல்லாத்தையும் கடவுள் உண்டாக்கினார்னா கடவுளை யார் உண்டாக்கினாங்க?' நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பவே இல்லை. கையிலிருந்த சாக்பீஸ் உடைந்தது. 'அடுத்த வாரம் சொல்றேன்' என்றேன். நான்கு வாரம் ஆகிவிட்டது, இன்னும் சொல்லவில்லை."

கணவரிடம் ஒருமுறை லேசாகப் பேச்செடுத்தாராம். அவர், "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்" என்ற வசனத்தைச் சொல்லி நிறுத்திவிட்டார். சபை மூப்பர் ஒருவர் இது மன்னிக்கப்படாத பாவம் வரைக்கும் கொண்டுபோகும் என்று எச்சரித்து, பிசாசை விரட்டும் விடுதலை ஜெபத்துக்கு வரச் சொல்கிறார். அம்மாவோ, "நாம் இன்னும் விசுவாசமாக இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்" என்று அழுகிறார். வாசகியின் கேள்விகள்: கடவுள் இருக்கிறார் என்பதற்கு நிரூபணம் உண்டா? நான் மன்னிப்புக்கு அப்பால் போய்விட்டேனா? கணவரிடம் முழுதாகச் சொல்வதா, ஞாயிறு பள்ளியை விட்டுவிடுவதா?

அன்புச் சகோதரி,

பதிலுக்கு முன் என்னைப் பற்றி ஒன்று. நான் மனநல ஆலோசகன். கிறிஸ்தவன், கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறவன். அதை மறைத்துக்கொண்டு நடுநிலையாகப் பேசுவதுபோல் பேசினால் உங்களை ஏமாற்றியது ஆகும். அதே நேரம், உங்களை எப்படியாவது ஜெபக்கூட்டத்துக்குத் திரும்ப அனுப்புவது என் வேலை இல்லை. நீங்கள் கேட்டதற்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என் தரப்பு எங்கே தடுமாறுகிறதோ அங்கே அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் தூக்கம்

மூன்றாம் பக்கத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "காலையில் கண் விழிக்காமலே போனால் நல்லது என்று சில நாள் தோன்றும். பயப்படாதீர்கள், ஒன்றும் செய்துகொள்ள மாட்டேன்." அந்த வரியை நான் கடந்து போக மாட்டேன். 10 மாதமாக இரவில் மூன்று மணி நேரத் தூக்கம், சாப்பாட்டில் பிடிப்பில்லை, பிடித்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை, கூடவே இந்த எண்ணம். இதெல்லாம் சேர்ந்து வரும்போது, துக்கத்தோடு மனச்சோர்வு நோயும் இருக்கிறதா என்று ஒரு மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். எனக்கு எழுதிய அந்த வரியை வார்த்தை மாறாமல் அவரிடம் சொல்லுங்கள். அந்த எண்ணம் "எப்படி" என்ற யோசனையாக மாறினால், அது எந்த நேரமாக இருந்தாலும் கணவரை எழுப்பி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மாத்திரை சாப்பிட்டால் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் வேதத்தில் வரும் தீர்க்கதரிசி எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். அவருக்குக் கிடைத்த முதல் பதில் பிரசங்கம் இல்லை. தூங்க விட்டார்கள், எழுப்பிச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தார்கள், மறுபடி தூங்க விட்டார்கள், மறுபடி சாப்பாடு. பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. இரவு விவாதக் காணொளிகளுக்கும் இதே காரணத்துக்காகத்தான் இப்போதைக்கு விடுமுறை விடச் சொல்கிறேன். கேள்வி தப்பு என்பதற்காக இல்லை. நள்ளிரவு ஒரு மணிக்கு, தூங்காத மூளையோடு, இவ்வளவு பெரிய கேள்விக்கு யாராலும் நிதானமாகத் தீர்ப்பு சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. "கடவுள் இருக்கிறாரா?" என்பது ஒன்று. "என் தம்பியை ஏன் விட்டுவிட்டார்?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு எவ்வளவு நல்ல பதில் சொன்னாலும் இரண்டாவது ஆறாது. இரண்டாவதை மட்டும் தடவிக்கொடுத்து முதலாவதை மூடிவிட்டால், உங்கள் புத்தியை அவமதித்தது ஆகும். உங்கள் வீட்டில் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நிரூபணம் என்றால் எந்த நிரூபணம்?

நீங்கள் தேடுவது ஆய்வகத்தில் கிடைக்கும் நிரூபணம். அது கிடைக்காது. கடவுளைப் பற்றிக் கிறிஸ்தவம் சொல்வதைக் கவனித்தால் காரணம் புரியும். பிரபஞ்சத்துக்குள் இருக்கும் பொருள்களில் அவரும் ஒன்று என்று கிறிஸ்தவம் சொல்லவே இல்லை. பிரபஞ்சம் என்று ஒன்று இருப்பதற்கே அவர்தான் ஆதாரம் என்கிறது. கருவியில் சிக்கவில்லை என்பது அவர் இருக்கிறார் என்பதற்கும் சாட்சி இல்லை, இல்லை என்பதற்கும் சாட்சி இல்லை. ஒரு நீதிபதியோ வரலாற்று ஆசிரியரோ செய்வதுபோல், எந்த விளக்கம் அதிகமான உண்மைகளோடு பொருந்துகிறது என்று நிறுத்துப் பார்க்கத்தான் முடியும். நிறுத்துப் பார்ப்பது ஒன்றும் தாழ்ந்த வேலை இல்லை. வாழ்க்கையின் பெரிய முடிவுகளை எல்லாம் நாம் அப்படித்தான் எடுக்கிறோம்.

சரி, அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். அதற்குள் ஒரு பழைய தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. "எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு, ஆகவே கடவுள் உண்டு" என்பதுதான் வாதம் என்றால், "அப்படியானால் கடவுளுக்கு?" என்ற ஒரே அடியில் அது விழுந்துவிடும். ஆனால் 13ஆம் நூற்றாண்டில், கடவுள் இருப்பதைக் காட்ட ஐந்து வழிகளை எழுதி வைத்த இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் அப்படிச் சொல்லவில்லை. உலகத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்பதைப் புத்தியால் நிரூபிக்க முடியாது, அது விசுவாசத்தால் அறிவது என்றுகூட அவர் எழுதினார். அவர் கேட்டது வேறு. இல்லாமலும் போயிருக்கக்கூடிய ஒன்று, இருப்பதற்கு இன்னொன்றைச் சார்ந்திருக்கிறது. அந்த இன்னொன்றும் அப்படியே என்றால், இந்தச் சார்பு எங்கே போய் நிற்கும்?

உங்கள் பாடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடியில் வெளிச்சம் தெரிகிறது. எதிர்க் கண்ணாடியிலிருந்து வருகிறது. அதற்கு அதன் எதிரிலுள்ள கண்ணாடியிலிருந்து. எத்தனை கோடிக் கண்ணாடிகளைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் கண்ணாடிகள் சேர்ந்து வெளிச்சத்தைப் பிறப்பிக்காது. எங்கோ ஒரு விளக்கு இருக்க வேண்டும். "விளக்குக்கு எந்தக் கண்ணாடி வெளிச்சம் கொடுத்தது?" என்று கேட்டால், விளக்கு என்றால் என்ன என்பது இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். இருப்பை யாரிடமும் வாங்காமல் தானே உடையவர் ஒருவர் உண்டு என்பதுதான் வாதம். "இருக்கிறவராக இருக்கிறேன்" என்று மோசேயிடம் சொல்லப்பட்ட பெயரோடு இது எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

எதிர்த்தரப்பு இதற்கு என்ன சொல்கிறது? 1948இல் பிபிசி வானொலியில் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் பாதிரியார் காப்பிள்ஸ்டனும் இதையே விவாதித்தார்கள். பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான், அதற்கு மேல் காரணம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் ரஸ்ஸலின் நிலை. அதை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் இடத்தில் நின்றுதான் ஆக வேண்டும் என்பதை இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. எங்கே நிற்பது என்பதுதான் வித்தியாசம். ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடும் மனிதப் புத்தி, எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வியில் மட்டும் "காரணம் இல்லை" என்று நிறுத்திக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்களுக்கு வேறுவிதமாகப் படலாம்.

பெருவெடிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சபையில் அதையே ஆதியாகமத்துக்குச் சாட்சி என்கிறார்கள், காணொளியில் அதையே கடவுள் தேவையில்லை என்பதற்குச் சாட்சி என்கிறார்கள், யாரை நம்புவது என்று. இந்த இடத்தில் இருவரையும் நம்ப வேண்டாம். விரிந்துகொண்டே போகும் பிரபஞ்சத்தைப் பற்றி 1927இலும், எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்று 1931இலும் எழுதிய ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். 1951இல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் இந்த அறிவியலைப் படைப்புக்குச் சாட்சியாகக் காட்டிப் பேசியபோது லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு இயற்பியல். அது விசுவாசத்துக்கு ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை என்பது அவர் நிலை. 1966இல் இறப்பதற்குச் சற்று முன், பெருவெடிப்பின் மிச்சமான பின்னணிக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி அவரை எட்டியது. காலையில் திருப்பலி, பிறகு சமன்பாடு என்று வாழ்ந்த மனிதர் ஒன்றை மற்றொன்றுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தவில்லை. சுமார் 1380 கோடி ஆண்டு வயதுள்ள பிரபஞ்சத்தைப் பாடமாக நடத்தவும் ஆதியாகமத்தின் முதல் வசனத்தை நம்பவும் ஒரே ஆளால் முடியும்.

பிரபஞ்சத்தின் அடிப்படை மாறிலிகள் உயிர் தோன்றும் அளவுக்கு நுணுக்கமாக அமைந்திருப்பதைக் காட்டும் வாதத்துக்குக் கொஞ்சம் கனம் உண்டு. எண்ணற்ற பிரபஞ்சங்கள் இருந்தால் ஒன்று இப்படி அமையாதா என்ற பதிலும் உண்டு. இதில் நான் பெரிதாகச் சாய மாட்டேன். 11ஆம் நூற்றாண்டில் அன்செல்ம் சொன்ன, "இதைவிடப் பெரியதை நினைக்க முடியாது" என்ற கருத்திலிருந்தே கடவுள் இருப்பதைக் காட்டும் வாதம் என்னை அசைத்ததே இல்லை. அந்தக் காலத்திலேயே கௌனிலோ என்ற துறவி, இதே முறையில் இல்லாத ஒரு தீவையும் இருப்பதாகக் காட்டிவிடலாமே என்று மறுத்து எழுதினார். அவரும் விசுவாசிதான். ஒரு வாதம் உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால் கடவுளையே மறுத்துவிட்டதாக எண்ணி நடுங்க வேண்டாம்.

இன்னொன்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கடவுள் இருப்பதைப் புத்தியின் வெளிச்சத்திலேயே நிச்சயமாக அறியலாம் என்று 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் அறிக்கையிட்டது. சீர்திருத்த சபையின் கார்ல் பார்ட்டோ, கடவுள் தாமே தம்மை வெளிப்படுத்தாமல் மனிதன் ஏணி வைத்து ஏற முடியாது என்று 1934இல் கடுமையாக எழுதினார். இருவரும் கிறிஸ்தவர்கள். ஆகவே "நிரூபணம் உண்டா" என்று கேட்டதற்காக யாரும் உங்களை வெளியே தள்ள முடியாது. சபைக்குள்ளேயே நெடுநாளாக நடக்கும் வழக்கு இது.

இயேசுவைத் தவிர்த்துவிட்டு எவ்வளவு பேசினாலும் கிறிஸ்தவப் பதில் பாதிதான். மேலே சொன்னவை அதிகபட்சம் ஒரு மூலகாரணம் வரை கொண்டுபோகும். அந்த மூலகாரணம் உங்கள் பெயரை அறிந்திருக்கிறதா என்று அவற்றால் சொல்ல முடியாது. அழுத்தத்தின் அலகுக்குப் பெயர் கொடுத்த பாஸ்கல் 1662இல் இறந்தபோது, அவருடைய மேலங்கியின் உட்புறத்தில் ஒரு காகிதம் தைத்து வைக்கப்பட்டிருந்தது. 1654 நவம்பர் 23 இரவு தமக்கு நேர்ந்ததை அதில் குறித்திருந்தார். "ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன்; தத்துவ ஞானிகளுடையவரும் அறிஞர்களுடையவரும் அல்ல" என்று அதில் இருந்தது. அறிவியலும் கணிதமும் கரைத்துக் குடித்த ஒருவர் எட்டு ஆண்டு அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

இயேசுவைப் பற்றிய செய்தி வரலாற்றில் நிற்கிறது, அதனால் சோதித்துப் பார்க்க முடியும். பொந்தியு பிலாத்துவின் கீழ் அவர் கொல்லப்பட்டதைக் கிறிஸ்தவர்களை வெறுத்த ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறிப்பிடுகிறார். உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்களின் பட்டியலைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியது சம்பவம் நடந்து 25 ஆண்டுக்குள். அவர்களில் பலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று அவரே சொல்கிறார். இதனால் உயிர்த்தெழுதல் நிரூபணமாகிவிடாது. ஆனால் தூரத்துக் காலத்தில் யாரோ கட்டிய கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நீங்கள் மறுபடி தேடத் தொடங்கும்போது, காணொளியை விட்டுவிட்டு மாற்கு நற்செய்தியை ஒரே உட்காரலில் படியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. விசுவாசியாகப் படிக்க வேண்டாம், ஒரு வாசகியாகப் படியுங்கள்.

தம்பி

இங்கே என் தரப்பு தடுமாறுகிறது, சொல்லிவிடுகிறேன். நல்லவரும் வல்லவருமான கடவுள் இருந்தால் ஏன் இவ்வளவு துன்பம் என்பதுதான் கடவுள் நம்பிக்கைக்கு எதிரான மிகக் கனமான கேள்வி. மனிதனுக்குச் சுயாதீனம் கொடுத்தார், அவன் அதைக் கெடுத்தான் என்ற பதில் கொலைக்கும் போருக்கும் ஓரளவு பொருந்தும். 29 வயதுப் பையனின் எலும்பு மஜ்ஜையில் அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகியதற்கு அது பொருந்தாது. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் உங்களிடம் பேசுகிறவர்களைப் பார்த்தால் வேதத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவைத் தேற்ற வந்த சிநேகிதர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஏழு நாள் யோபுவின் கூடவே தரையில் சும்மா உட்கார்ந்திருந்தவரைக்கும் அவர்கள் நல்லவர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது கேள்வி கேட்ட யோபுவிடம் இல்லை. "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று அந்தச் சிநேகிதர்களிடம்தான் சொல்கிறார். அடக்க ஆராதனையில் வாசித்த வசனமும் யோபு சொன்னதுதான். ஆனால் அது முதல் அதிகாரம். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறார். முதல் அதிகாரத்தை மட்டும் உங்கள் வாயில் திணிக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஒன்றை மட்டும் யோசித்துப் பார்க்கச் சொல்வேன். "இது நடந்திருக்கக் கூடாது" என்று நீங்கள் எழுதிய இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. பிரபஞ்சம் வெறும் அணுக்களின் ஓட்டம் என்றால் நடந்தது நடந்தது, "கூடாது" என்பதற்கு அங்கே இடம் இல்லை. பரிணாமம் தந்த உணர்ச்சி அது என்று பதில் சொல்லலாம். அந்தப் பதிலை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் உங்களுக்குள் அந்த வார்த்தை வெறும் உணர்ச்சியாகவா நிற்கிறது, உண்மையான நியாயமாகவா? நியாயம் என்று உங்களுக்குத் தோன்றினால், அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். உங்கள் கோபம் கடவுளுக்கு எதிரான சாட்சி என்று எண்ணுகிறீர்கள். அது அவர் பக்கம் சாட்சியாகவும் இருக்கக்கூடும்.

கிறிஸ்தவம் துன்பத்துக்கு விளக்கம் தருவதைவிட, துன்பத்துக்குள் ஒருவரைக் காட்டுகிறது. "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று சிலுவையில் கேட்டவருக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை. நீங்கள் கேட்கும் அதே கேள்விதான் அது. எனக்கு இது போதும் என்று சில நாள் தோன்றும், போதாது என்று சில நாள் தோன்றும். இரண்டு நாளிலும் நான் விட்டுப் போக முடியாதபடி பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு வரி.

அம்மாவுக்கு ஒரு பதில். விசுவாசக் குறைவால் தம்பி இறந்தான் என்பதை வேதமே ஒப்புக்கொள்ளாது. பவுல் தன் சரீரத்தின் முள் நீங்கும்படி மூன்று தரம் கேட்டார், நீங்கவில்லை. "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்வார்கள்? அந்த ஊழியரின் தீர்க்கதரிசனத்துக்கு உபாகமம் 18இன் கடைசி வசனமே போதும்: நடக்காமல் போனால் "அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, அந்தத் தீர்க்கதரிசி அதைத் துணிகரத்தினால் சொன்னான்". வாக்குத் தவறியது அந்த மனிதர். அவர் தவறைக் கடவுள் கணக்கில் எழுத வேண்டாம், உங்கள் கணக்கிலும் எழுத வேண்டாம்.

மதிகேடன், மன்னிக்கப்படாத பாவம்

கணவர் சொன்ன வசனம் 14ஆம் சங்கீதம். மதிகேடன் என்று வரும் இடத்தில் எபிரெயத்தில் உள்ள சொல் "நாபால்". தாவீதின் ஆட்கள் பசியோடு வந்து கேட்டபோது திட்டி அனுப்பினானே, அபிகாயிலின் கணவன், அவன் பெயரும் இதுவே. அந்தச் சங்கீதத்தின் நாலாம் வசனம், இவர்கள் அப்பத்தைப் பட்சிக்கிறதுபோல் ஜனத்தைப் பட்சிக்கிறார்கள் என்கிறது. கேட்க ஆள் இல்லை என்ற துணிச்சலில் ஏழைகளை விழுங்குகிறவனைப் பற்றிய வசனம் அது. தம்பியை இழந்து, கடவுளே இருக்கிறீரா என்று அழுகிறவரைப் பற்றியது இல்லை.

மன்னிக்கப்படாத பாவத்தைப் பற்றி மூப்பர் சொன்னதும் இடம் மாறிய வசனம்தான். கண்முன்னே ஒருவன் சுகமாகி நிற்பதைப் பார்த்துவிட்டு, அதைப் பிசாசின் வேலை என்று தெரிந்தே சொன்னவர்களிடம் இயேசு பேசியது அது. அந்தப் பாவத்தைச் செய்துவிட்டோமோ என்று பயந்து கலங்குவதே மனம் கடினப்படவில்லை என்பதற்கு அடையாளம். என் அறைக்கு இதே பயத்தோடு பலர் வந்திருக்கிறார்கள். எல்லோருமே மென்மையான மனசுக்காரர்கள்.

சந்தேகம் விசுவாசத்துக்கு எதிரி என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மத்தேயுவின் கடைசிப் பக்கத்தில், உயிர்த்தெழுந்தவரை நேரில் கண்டு பணிந்துகொண்டவர்களிடையே "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று இருக்கிறது. அவர்களைப் பிரித்து வெளியே நிறுத்திவிட்டு இயேசு கட்டளை கொடுக்கவில்லை. அவர்களும் நின்ற கூட்டத்திடம்தான் கொடுத்தார். தோமாவும் எட்டு நாள் நம்பாமல் இருந்தார்; அந்த எட்டு நாளும் மற்ற சீஷர்கள் அவரைக் கூடவே வைத்திருந்தார்கள். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோதுதான், பல பத்தாண்டுகள் கடவுளின் பிரசன்னத்தை உணராமலே அவர் அத்தனை வேலையும் செய்தார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. உணர்வு போனால் கடவுள் போய்விட்டார் என்று அர்த்தம் இல்லை.

யாரிடம் சொல்வது, எதை விடுவது

விடுதலை ஜெபம். இதற்கு மறுப்புச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. துக்கத்தைப் பிசாசு என்று பெயரிட்டு, சுற்றி நின்று சத்தமாக ஜெபித்தால், தூக்கம் இல்லாத மனசு இன்னும் உடையும். "எனக்காக ஜெபியுங்கள், உங்கள் வீட்டில் இருந்து ஜெபியுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். எது உங்கள் மனதில் ஓடுகிறது என்பதை எல்லோருக்கும் அறிக்கையிட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

கணவர். அவரிடம் சொல்லத்தான் வேண்டும். மறைத்தால் வீட்டுக்குள்ளேயே தனிமை கூடும். எப்படிச் சொல்வது என்பதில்தான் கவனம் தேவை. "நான் கடவுளை நம்பவில்லை" என்று முடிவாக ஆரம்பித்தால் அவர் பயந்து வசனத்தை எடுப்பார், அல்லது மூப்பருக்கு போன் போடுவார். முதலில் ஒரு வாக்கு வாங்குங்கள்: "நான் சொல்வதை முழுதாகக் கேட்கணும், பதில் சொல்லக் கூடாது, வேறு யாரிடமும் சொல்லக் கூடாது." அப்புறம் நடந்ததைச் சொல்லுங்கள்: தூக்கம், சுவர், சாக்பீஸ். வாதங்களை எடுக்க வேண்டாம். வசனம் சொன்ன அன்று அவர் உங்களைக் குத்துவதற்காகச் சொன்னார் என்று எனக்குத் தோன்றவில்லை. மைத்துனனை இழந்தவர் அவரும்தான். தன் பயத்தை ஒரு வசனத்தால் மூடியிருக்கலாம். முதல் தடவை சரியாக வராமல் போகலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஞாயிறு பள்ளி. ஒரேயடியாக ராஜினாமா வேண்டாம், நம்பிக்கை உள்ளவர்போல் நடிக்கவும் வேண்டாம். ஆறு மாதம் விடுப்புக் கேளுங்கள். "தம்பி போன துக்கத்திலிருந்து நான் இன்னும் எழவில்லை" என்று சொல்லுங்கள். அது பொய் இல்லை. அதற்கு மேல் விவரம் கேட்டால் சொல்ல வேண்டியதில்லை. துக்கத்தின் முதல் ஆண்டில் விசுவாசத்தைப் பற்றியும் சபையைப் பற்றியும் திரும்பப் பெற முடியாத முடிவு எதையும் எடுக்காதீர்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. ஆறு மாதம் கழித்தும் நம்ப முடியவில்லை என்றால் விலகிவிடுங்கள். அது நேர்மையான விலகலாக இருக்கும்.

போவதற்கு முன் அந்தப் பையனுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போங்கள். நான்கு வாரம் காத்திருக்கிறான். இரண்டு கண்ணாடியும் ஒரு டார்ச் விளக்கும் எடுத்துப் போங்கள். விளக்கை அணைத்தால் இரண்டு கண்ணாடியும் இருட்டாவதை அவனே பார்க்கட்டும். "பெரியவங்க இப்படி யோசிச்சிருக்காங்க. அக்காவும் இன்னும் யோசிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லலாம். ஒன்பது வயதுப் பிள்ளை அதைத் தாங்குவான்.

ஜெபம் வரவில்லை என்றால் வரவழைக்க வேண்டாம். 88ஆம் சங்கீதம் என்று ஒன்று இருக்கிறது. மற்ற புலம்பல் சங்கீதங்களில் கடைசியில் எங்காவது ஒரு வெளிச்சம் வரும், இதில் வராது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருட்டு. அதையும் ஜெபம் என்றுதான் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதை வாய்விட்டு வாசியுங்கள். யாரோ உங்களுக்கு முன்னால் எழுதி வைத்ததை வாசிக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆமென் சொல்லத் தோன்றாவிட்டால் சொல்ல வேண்டாம். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரு தகப்பன் பாதியும் பாதியுமாகக் கதறியபோது, முழுசாக நம்பிவிட்டு வா என்று அவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை.

மருத்துவரைப் பார்த்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். இந்தக் கடிதத்தில் தம்பியின் வியாதி இரண்டு பக்கத்துக்கு இருக்கிறது. அவர் எப்படிப்பட்டவர் என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: சிரிக்கும்போது இடது கண் மட்டும் மூடிக்கொள்ளும் என்று. அடுத்த கடிதத்தில் அவரைப் பற்றி எழுதுங்கள்.